சட்டைப் பையில் இருந்த மெமரி

சிங்காநல்லூர்
5.8.96

அன்புள்ள மாப்பிள்ளை பாலகோபாலுக்கு,

ஆடிப் பெருக்கன்று உங்கள் வீட்டு முன்னறையில், என் தங்கை பங்காருவின் கம்ப்யூட்டர் சென்டரில், எல்லோரும் கைதட்ட, நான் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிவைத்த மெமரி இப்போது என் சட்டைப் பையில், வெற்றிலைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

படித்துவிட்டுச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். பிறகு இதைக் கிழித்து நார்க் குவியலில் போட்டுவிடுங்கள். வீட்டுக்கு எழுதாமல் உங்கள் நார் மில் விலாசத்துக்கு எழுதுவது அதனால்தான். போன் செய்யலாம் என்றால் உங்கள் வீட்டுப் போன் என் தங்கையின் மேஜைமேல் இருக்கிறது. மில் போன் உங்கள் முதலாளியின் மடியில்.

பங்காரு என்னிடம் என்ன கேட்டாள் தெரியுமா? "அண்ணா, நம்ம சென்டர் கம்ப்யூட்டர் நாலு எம்பி மெமரிய வெச்சுக்கிட்டு நொண்டுதுங்க. விண்டோஸ் தொறக்கறதுக்குள்ள புள்ளைக காப்பி குடிச்சுட்டு வந்துருதுக. நீங்க மில்லுல கம்ப்யூட்டர் ரூமுலதானுங்களே இருக்கறீங்க?"

நான் மில்லில் ஸ்டோர்ஸ் கிளார்க். கம்ப்யூட்டர் அறையில் ஏசி இருப்பதால் டீயை அங்கே எடுத்துப் போய்க் குடிப்பேன். எனக்கும் கம்ப்யூட்டருக்கும் அவ்வளவுதான் உறவு. ஆனால் வாய் சும்மா இருக்கிறதா? "இதென்ன அம்மணி பெரிய வேலை, டப்பாவத் தொறந்து ரெண்டு சொருவு சொருவுனா நாலு ஆறாயிரும்" என்று சொல்லிவிட்டேன். காந்திபுரத்தில் இரண்டு மெமரித் துண்டு வாங்கி வந்து, திருப்புளியும் கையுமாக உட்கார்ந்து, சொருகவும் செய்தேன்.

சுவிட்சைப் போட்டால் திரை கறுப்பு. டப்பா மட்டும் பீப் பீப் என்று கத்துகிறது. பின்னால் உங்கள் மனைவி பக்கத்து வீட்டுக்காரர்களிடம், "என்ர அண்ணன் இல்லாட்டி அந்த மில்லே ஓடாதுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் என்ன செய்ய? தூசி துடைப்பதுபோலக் குனிந்தேன். புதிய இரண்டையும் பிடுங்கிப் பையில் போட்டேன். மறுபடி சுவிட்சைப் போட்டதும் பழையபடி எரிந்தது. "ஆறாயிருச்சுங்களாண்ணா?" என்றாள். "ஆறு" என்றேன். கைதட்டினார்கள். கோழிக் குழம்பு வேறு ஊற்றினீர்கள்.

வகுப்பெடுக்கிற அந்தப் பெண் இளவேனில் மட்டும் கைதட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று மில்லில் விசாரித்தேன். அந்தக் காலத்துப் போர்டில் நாலு துண்டு ஒரே மாதிரியாகச் சேர்ந்து போட்டால்தான் எடுத்துக்கொள்ளுமாம். இரண்டோடு நிறுத்தினால் மூச்சே விடாதாம். இன்னும் இரண்டு தேடிக்கொண்டிருக்கிறேன். பங்காரு ஊரில் இல்லாத ஒரு நாளைச் சொல்லுங்கள். வந்து சத்தமில்லாமல் போட்டுவிட்டுப் போகிறேன். அவளுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம்.

அன்புடன்,
சென்னகேசவன்

* * *

ஆனைமலை
7.8.96

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. நேற்று வந்திருக்க வேண்டும்.

நேற்றுக் காலை இளவேனில் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, என் மனைவியைக் கூப்பிட்டு, "அம்மா, போட்டதும் எண்ணிக் காட்டுதுங்களே, அதுல நாலுதாங்க வருது. ஆறு வரலைங்க" என்று சொல்லியிருக்கிறாள். நல்ல மனதோடுதான் சொன்னாள்.

பங்காரு என்ன சொன்னாள் என்பதை அப்படியே எழுதுகிறேன். "என்ர அண்ணன் என்ர கண்ணு முன்னால போட்டாரு. ஊரே பாத்துச்சு. இப்ப நாலுன்னா, போட்டது எங்க போச்சு? சென்டர் சாவி ரெண்டு. ஒண்ணு எங்கிட்ட, இன்னொண்ணு உங்கிட்ட."

நான் அங்கேதான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு எதுவும் தெரியாது. இன்று தெரியும். தெரிந்தும் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். உங்கள் தங்கையை எனக்குக் கட்டி வைத்தவர் நீங்கள்தான்.

பங்காரு அவளிடமிருந்த சாவியை வாங்கிக்கொண்டாள். இளவேனில் நாலு வருடமாக வகுப்பெடுக்கிறாள். அவள் அப்பா தோப்பில் தேங்காய் உரிக்கிறவர். "திருடி" என்று ஒரு முறை ஊருக்குள் சொல்லிவிட்டால் பிறகு அவளை யார் வேலைக்கு வைப்பார்கள்?

நீங்கள் வந்து சொல்லிவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

பாலகோபால்

* * *

சிங்காநல்லூர்
9.8.96

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஒரு நிமிட வேலைதான். தூக்கில் போடுவதும் ஒரு நிமிட வேலைதான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நேற்று ராத்திரி சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரி, "ஏனுங்க, மில்லுல ஆளக் குறைக்கறாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கு ஒரு பொய். இப்படியே போனால் சட்டையில் இன்னும் நாலு பை தைக்க வேண்டியிருக்கும்.

நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். வந்து "நான் போடவேயில்லை" என்று சொன்னால் பங்காரு முகம் என்ன ஆகும்? பக்கத்து வீட்டு அங்கப்பன் சம்சாரம் அன்றைக்கே என்னிடம் தன் வீட்டு ரேடியோவையும் பார்த்துக் கொடுக்கச் சொன்னது. அந்தம்மா வாயில் விழுந்தால் சூலூர் வரைக்கும் செய்தி போய்விடும். ஆகவே ஒரு வழி. இன்னும் இரண்டு துண்டு கிடைத்துவிட்டால், நாலாகக் கொண்டுவந்து போட்டு எட்டு ஆக்கிவிடுகிறேன். "சொருவுனது லூசா இருந்துச்சு அம்மணி, கண்ணுக்குத் தெரியல" என்று சொல்லிவிடலாம். அந்தப் பெண்ணுக்கும் கெட்ட பேர் போய்விடும், எனக்கும் இருக்கிற பேர் இருக்கும்.

கஷ்டம் என்னவென்றால் இந்தப் பழைய மாதிரி இப்போது வருவதில்லையாம். காந்திபுரத்துக் கடையில், "இதெல்லாம் யாருங்க இன்னும் வெச்சிருக்கறாங்க?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். ஒரு வாரம் பொறுங்கள். அதுவரை பங்காருவை எதுவும் செய்யவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னகேசவன்

* * *

ஆனைமலை
10.8.96

மச்சானுக்கு,

பங்காருவை எதுவும் செய்யவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். இருபது வருடமாக அதைத்தான் முயன்றுகொண்டிருக்கிறேன்.

ஒரு வாரமெல்லாம் இல்லை. நேற்றுச் சாயங்காலம் இளவேனில் வந்தாள். சம்பளம் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தோம். வாசலிலேயே நின்றுகொண்டு, சத்தம் போடாமல், பக்கத்து வீடுகளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நான் எடுக்கலைங்கம்மா. எடுத்தவங்க யாருன்னு நான் சொன்னா நீங்க நம்பப்போறதில்ல. அதனால நான் யாரையும் சொல்லல. வாற அமாவாசைக்கு மாசாணியாத்தா கோயில்ல மொளகா அரைச்சுப்போடறனுங்க. எடுத்து வெச்சிருக்கறவங்க ஒடம்பு சொல்லட்டும்."

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. களவு போனவர்களும் பழி சுமந்தவர்களும் அந்தக் கோயிலில் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வந்தால், செய்தவனுக்கு உடம்பெல்லாம் எரியும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பொள்ளாச்சியில் ஒருவர் இப்படித்தான் வேட்டியோடு போய்க் கிணற்றுக்குள் உட்கார்ந்துகொண்டாராம்.

பங்காரு கொஞ்சம் ஆடித்தான் போனாள். ஆனாலும், "அரை அம்மணி, நல்லா அரை. எனக்கும் அதுதான் வேணும்" என்றாள்.

உள்ளே போனதும் என்னிடம், "ஏனுங்க, திருடுனவ இப்படிச் சொல்லுவாளா?" என்று மெதுவாகக் கேட்டாள். அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "தண்ணி கொண்டா" என்று கேட்டுக் குடித்தேன்.

அமாவாசை 14ஆம் தேதி, புதன்கிழமை. எனக்கு ஒரு சந்தேகம். எடுத்தவனுக்கு மட்டும்தான் எரியுமா, தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறவனுக்கும் எரியுமா? கோயில் பண்டாரத்திடம் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்களுக்கு ஏனுங்க இந்தச் சந்தேகம்?" என்றார். வந்துவிட்டேன்.

பாலகோபால்

* * *

சிங்காநல்லூர்
12.8.96

மாப்பிள்ளை,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து முதுகில் ஒரு இடம் எரிகிறது. அமாவாசை இன்னும் வரவில்லை, அரைக்கவும் இல்லை. மாசாணியாத்தா எனக்கு மட்டும் முன்பணம் கொடுத்திருக்கிறாள்போல.

நான் எடுக்கவில்லையே! நன்றாக யோசித்துப் பாருங்கள். நான் வாங்கியதை நான் எடுத்துக்கொண்டேன். இது எப்படிக் களவு ஆகும்? பொய் சொன்னேன், அது உண்மை. பொய்க்கு மிளகாய் உண்டா? பொய்க்கெல்லாம் அரைத்தால் இந்தக் கோயமுத்தூர் ஜில்லாவில் சமையலுக்கு மிளகாய் மிஞ்சாது.

அந்தப் பெண் "யாருன்னு சொன்னா நீங்க நம்பப்போறதில்ல" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நான் குனிந்தபோது அவள் எந்தப் பக்கம் நின்றாள்? உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

எலி இழுத்துப் போயிருக்கும் என்று சொல்லிப் பாருங்களேன். சிரிக்காதீர்கள். நார் மில்லில் எலி பெல்ட்டையே கடிக்கிறது என்று நீங்கள்தான் சொல்வீர்கள்.

அந்தத் துண்டுகளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். அங்கே வைத்தது இன்னும் பயமாக இருந்தது. எடுத்து அரிசி டின்னில் போட்டேன். இப்போது சோறு எரிகிறது.

அமாவாசைக்கு முன்னால் வந்துவிடலாம் என்றுதான் பார்க்கிறேன். உக்கடம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நேற்று வந்தேன். பொள்ளாச்சி பஸ்ஸும் நின்றுகொண்டிருந்தது. ஒரு டீ குடித்தேன். பஸ் போய்விட்டது.

சென்னகேசவன்

* * *

ஆனைமலை
14.8.96, அமாவாசை

மச்சானுக்கு,

நேற்று வருவீர்கள் என்று பஸ் ஸ்டாப்பில் நின்றேன். இன்று காலையும் நின்றேன்.

பத்து மணிக்கு இளவேனில் கடைவீதியில் மிளகாய் வாங்கியதைக் கண்ணால் பார்த்தேன். காய்ந்த மிளகாய், ஒரு பை நிறைய. கோயில் இருக்கிற தெருப் பக்கம் திரும்பினாள். கூட்டம் மறைத்துவிட்டது. அதற்கு மேல் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மில்லுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். உள்ளங்கால் எரிகிறது. புதுச் செருப்பு என்று வைத்துக்கொள்கிறேன்.

அதைவிட முக்கியமான விஷயம். பொள்ளாச்சியில் புதிதாகக் கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருக்கிறார்கள். இளவேனில் அங்கே வேலை கேட்டிருக்கிறாள். அந்த முதலாளி நேற்று பங்காருவுக்குப் போன் செய்து, "உங்ககிட்ட நாலு வருசம் இருந்திருக்குதே, புள்ள எப்படிங்க?" என்று கேட்டார். பங்காரு, "சனிக்கிழமை சாயங்காலம் சொல்றனுங்க" என்று வைத்துவிட்டாள். என்ன சொல்வாள் என்று நான் கேட்டேன். "நடந்ததச் சொல்லுவேன்" என்கிறாள்.

நடந்தது என்னவென்று அவளுக்குத் தெரியாது. உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்.

நான் சொல்லமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது எனக்கும் தெரியும். சனிக்கிழமைக்குள் வாருங்கள். வராவிட்டால் இனி எனக்கு எழுத வேண்டாம்.

பாலகோபால்

* * *

சிங்காநல்லூர்
19.8.96

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சனிக்கிழமை நான் வந்தபோது நீங்கள் வீட்டில் இல்லை. மில்லில் அவசர லோடு என்று பங்காரு சொன்னாள். சனிக்கிழமை மத்தியானம் உங்கள் மில் மூடியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். குறை சொல்லவில்லை. நானாக இருந்தால் கேரளாவுக்கே போயிருப்பேன். நீங்கள் இல்லாததால் நடந்ததை எழுதுகிறேன்.

புதன்கிழமை அமாவாசையன்று, பத்தேகாலோ பத்தரையோ இருக்கும், மில் ஸ்டோர்ஸில் போல்ட் எண்ணிக்கொண்டிருந்தேன். திடீரென்று கண் இரண்டும் எரிந்தது. அப்புறம் கழுத்து, மார்பு, வயிறு. சட்டையைக் கழற்றிவிட்டேன். மேஸ்திரி சென்று தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். "என்னுங்க ஆச்சு?" என்று எல்லோரும் கூடிவிட்டார்கள். என்னவென்று சொல்வேன்? அந்த நேரத்தில் ஆனைமலையில் அம்மி ஓடுகிறது என்று எனக்கு மட்டும் தெரியும். அன்று ராத்திரி ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. சனிக்கிழமை முதல் பஸ் ஏறிவிட்டேன். இந்த முறை டீ குடிக்கவில்லை.

பங்காரு சந்தோஷமாக, "வாங்கண்ணா, நல்ல நேரத்துல வந்தீங்க. அந்தக் கம்ப்யூட்டர ஒருக்கா பாருங்க" என்றாள். நான் அரிசி ஒட்டிய அந்த இரண்டு துண்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பங்காரு பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. கத்தியிருந்தால் தேவலை. பிறகு, "எங்கிட்டச் சொல்லாதீங்க. அந்தப் புள்ளயக் கூட்டியாறேன், அது மொகத்தப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். ஆளை அனுப்பினாள்.

இளவேனில் வந்தாள். எனக்கு நாற்பத்தெட்டு வயது. மில் யூனியன் மீட்டிங்கில் மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன். அன்று நாக்கு எழவில்லை. "நான்தான் அம்மணி, அன்னைக்கு எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். ஆறுன்னு பொய் சொல்லிப்போட்டேன். உம்மேல பழி விழுந்தது தெரிஞ்சும் பத்து நாளு சும்மா இருந்தேன். தப்பு" என்றேன். வேலியோரம் அங்கப்பன் சம்சாரம் நின்றது தெரிந்தும் சொன்னேன்.

அவள் அழுவாள், இல்லையென்றால் திட்டுவாள் என்று நினைத்தேன். "சரிங்க" என்றாள். பிறகு பங்காரு பக்கம் திரும்பி, "பொள்ளாச்சிக்கு இப்பவே போன் போட்டு இதச் சொல்லுங்கம்மா. நான் இங்கயே நிக்கறேன்" என்றாள்.

பங்காரு போன் செய்தாள். "புள்ள தங்கமுங்க. தப்பு எங்க ஊட்டுல" என்று சொன்னாள். வைத்துவிட்டு, மடியிலிருந்த சாவியை எடுத்து நீட்டினாள். "திங்கக்கெழமையிலிருந்து வந்துரு கண்ணு."

இளவேனில் சாவியை வாங்கவில்லை. "இல்லைங்கம்மா, நான் அங்கயே போறனுங்க. அங்க பதினாறு எம்பிங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாரும் சிரிக்கவில்லை.

பங்காரு இன்னும் என்னோடு பேசவில்லை. பஸ்ஸுக்குப் போகும்போது ஒரு தூக்குப் போசியில் தயிர்ச் சோறு கட்டிக் கொடுத்தாள். அதையும் பேசாமல்தான் கொடுத்தாள்.

இப்போது உங்களிடம் ஒரு உதவி. சொல்லியும் எரிச்சல் முழுதாகத் தணியவில்லை. ராத்திரியானால் கழுத்தில் ஆரம்பித்துவிடுகிறது. நீதி கிடைத்துவிட்டால் அரைத்தவர்களே போய் ஆத்தாவுக்கு எண்ணெய்க் காப்புச் சாத்திக் குளிர வைக்க வேண்டுமாம். அப்போதுதான் தணியுமாம். அந்தப் பெண்ணிடம் இதைக் கேட்க எனக்கு முகமில்லை. நீங்கள் ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போய் நயமாகச் சொல்லுங்கள். எண்ணெய் என் செலவு.

உங்கள்,
சென்னகேசவன்

* * *

ஆனைமலை
25.8.96

மச்சானுக்கு,

நலம். பங்காரு உங்களைப் பற்றி நேற்று ஒரு வார்த்தை கேட்டாள். "எரிச்சல் நின்னுதாமா?" என்று. அவ்வளவுதான். ஆனால் கேட்டாள். அதைத் தவிர என்னிடம் இன்னும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எனக்கும் தெரியும் என்பதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். நீங்கள் சொல்லவில்லை என்று நம்புகிறேன்.

இளவேனில் பொள்ளாச்சிக்குப் போய்வருகிறாள். காலை பஸ்ஸில் பார்த்தால் தலையசைக்கிறாள்.

நீங்கள் சொன்னபடி இன்று மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நாலு வருடமாக நம்மிடம் வேலை செய்த பெண். அவள் வீட்டுக்கு நானோ பங்காருவோ போனது இதுதான் முதல் தடவை. வழி விசாரித்துக்கொண்டுதான் போனேன்.

நான் போய் நின்றபோது அவர்களும் அப்போதுதான் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அம்மாவும் அவளும் தலையில் முக்காடு. நாற்காலி போட்டார்கள். விஷயத்தைச் சொன்னேன். எண்ணெய் எங்கள் செலவு என்றும் சொன்னேன்.

அவள் அப்பா குழம்பிப்போய், "எந்தக் கோயிலுக்குங்க? எதுக்குங்க?" என்றார்.

"நான் அரைக்கலைங்க சார்" என்றாள் இளவேனில். "அரைக்கறேன்னு சொன்னேன். அவங்க நம்பறவங்கதானுங்களே?"

"அமாவாசையன்னைக்கு மொளகா வாங்குனயே அம்மணி, நானே பாத்தேன்" என்றேன்.

"அது ஊட்டுக்கு வாங்குனதுங்க" என்று சொல்லிவிட்டு, கையில் வைத்திருந்த பைபிளைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தாள்.

பாலகோபால்